வீட்டுக்குள் வந்த அலுவலகம்

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெண்டிரும் உத்தியோகம் பார்க்கும் இந்நாளில் அப்பழமொழியின் பிற்பகுதி பொருளிழந்துவிட்டது. அது வேறு செய்தி. அப்பழமொழி வழங்கிய காலத்தில் உத்தியோகம் என்பது வீட்டுக்கு வெளியே இருந்தது என்பதே இங்கே நாம் கருதத்தக்கது. காலையில் குடையும் தூக்குச்சட்டியும் எடுத்துக்கொண்டு தந்தை புறப்படுவார். மாலையில் அவருடைய செருப்பொலி படிக்கட்டில் கேட்டவுடன் பிள்ளைகள் கதவைத் திறக்க ஓடுவர். இன்று யாங்கோனில் நம் பள்ளிப் பிள்ளைகள் பலருடைய இல்லங்களில் அச்செருப்பொலி கேட்பதில்லை. தந்தையோ தாயோ, சில இல்லங்களில் இருவருமோ, காலை முதல் இரவு வரை வீட்டிலேயே இருக்கின்றனர். ஆயினும் பிள்ளை அருகில் சென்று ஏதேனும் கேட்டால், “பொறு, மீட்டிங் நடக்கிறது” என்ற விடையே வருகிறது. ஆள் இருக்கிறார், அவரோடு பேச முடிவதில்லை. இவ்விந்தையைப் பற்றி இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

இந்நிலை நம்மூருக்கு வந்த வரலாறு நீண்டதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் மியன்மாவில் முதல் கொரோனா நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் யாங்கோனில் நோய் பெருகியபோது, மக்கள் வீட்டிலேயே இருக்குமாறு ஆணை பிறந்தது. அலுவலகங்கள் பணியாளரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. சில வாரங்களுக்குத்தானே என்று எண்ணிச் சாப்பாட்டு மேசையில் வைக்கப்பட்ட மடிக்கணினி, பல வீடுகளில் அங்கிருந்து எழவேயில்லை. நோய் தணிந்த பின்னும் வேறு காரணங்கள் வந்து சேர்ந்தன. 2021ஆம் ஆண்டுக்குப் பின் உள்ளூரில் வேலை குறைந்தது. கியாட்டின் மதிப்பு வீழ்ந்தது. கணக்கு எழுதவும், மென்பொருள் செய்யவும், வாடிக்கையாளருக்கு விடை சொல்லவும் அறிந்த நம் இளைஞர் சிலர், சிங்கப்பூர், பாங்காக், துபாய் நிறுவனங்களுக்கு யாங்கோனில் இருந்தபடியே வேலை செய்யத் தொடங்கினர். இவ்வேலையால் அடுப்பு எரியும் குடும்பங்கள் உண்டு. ஆகவே இம்முறையைப் பழிப்பது நம் நோக்கமன்று. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த வரப்பு அழிந்துபோனால் உள்ளம் என்ன பாடுபடுகிறது, அவ்வரப்பை மீண்டும் எவ்வாறு இடுவது என்பதே நம் கேள்வி.

முகல் தெருவின் பெட்டியடி

தொலைவிலுள்ள முதலாளிக்காக வேலை செய்வது ரங்கூன் தமிழருக்குப் புதிதன்று. வேலை செய்யும் இடத்திலேயே உண்டு உறங்குவதும் புதிதன்று. இன்று ஷ்வே போன் தா தெரு என்று வழங்கும் தெரு, ஆங்கிலேயர் காலத்தில் முகல் தெரு எனப் பெயர் பெற்றிருந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் நிறைந்திருந்த தெரு அது. 1930ஆம் ஆண்டளவில் பர்மா முழுவதும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவர் சார்பில் அதிகாரப் பத்திரம் பெற்ற மேலாள் இங்கிருந்து கடையை நடத்துவார். அவருக்குத் துணையாக அடுத்தாளும், தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களும் இருப்பர். மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. மனைவி மக்கள் ஊரில் இருப்பர். (அத்தொழிலால் நிலமிழந்த பர்மிய உழவரின் கதை தனியே எழுதத்தக்கது, இங்கே நாம் பேசுவது அவர்கள் வாழ்ந்த முறையைப் பற்றி மட்டுமே.)

அக்கடைகளின் அமைப்பை இன்றைய பிள்ளைகள் கற்பனை செய்து பார்க்க வேண்டும். நீண்டதொரு கூடம். அதில் ஒரு கடைக்கு அல்ல, பல கடைகளுக்கு இடம். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு பாய், எதிரே சாய்வான ஒரு கணக்குப் பெட்டி, பக்கத்தில் ஒரு பெட்டகம். அவ்வளவே அவருடைய அலுவலகம். இரவில் அதே இடத்தில் படுக்கை விரியும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இத்தகைய கூடங்கள் “கிட்டங்கி” என்ற பெயரில் 1970கள் வரை இருந்தன. சுவர் இல்லை, தனியறை இல்லை, கதவு இல்லை. இன்றைய ஹால் டைப் அடுக்ககத்தில், ஒரே நீண்ட கூடத்தில், திரைச்சீலைக்கு இப்பால் அலுவலகமும் அப்பால் அடுக்களையுமாக வாழும் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அப்படியிருந்தும் அவர்களிடம் ஓர் எல்லை இருந்தது. மாலையில் கணக்கு முடித்துப் பேரேட்டை மூடிப் பெட்டியைப் பூட்டினால் அன்றைய வேலை முடிந்தது என்பது கூடத்திலுள்ள எல்லோருக்கும் தெரியும். மேலாளுக்குத் தெரியும், பையனுக்குத் தெரியும், சமையற்காரருக்கும் தெரியும். பூட்டிய பெட்டியைத் திறக்கச் சொல்லி எவரும் கேளார். அதன் பிறகு பொதுச் சமையல், பந்தி, கோயில். அவர்கள் சென்ற ஊர்களிலெல்லாம் தண்டாயுதபாணி கோயில் எழுப்பியதன் காரணம் பக்தி மட்டுமன்று என்று நமக்குத் தோன்றுகிறது. பெட்டியடியை விட்டு எழுந்து செல்ல ஓர் இடம் தேவைப்பட்டது. (மாதாந்திர வட்டி விகிதத்தையும் அக்கோயிலில் கூடியே முடிவு செய்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும், தொழில் அங்கும் விடவில்லை!) நாள் மூடியது போலவே மூன்றாண்டுத் தவணையும் மூடியது. ஐந்தொகை எழுதி ஒப்படைத்து ஊர் திரும்பியவர், மறு தவணை ஏற்பதானால் சில காலம் வீட்டிலிருந்த பின்னரே கப்பலேறினார்.

இன்னொரு காவலும் அவர்களுக்கு இருந்தது, அது கடல். முதலாளியின் கடிதம் கப்பலில் வர வேண்டும். தந்திக்குச் செலவு மிகுதி. ஆதலால் “அந்தக் கணக்கு என்னவாயிற்று?” என்ற கேள்வி ஒரு நாளில் இருபது முறை வந்து சேர வழியில்லை. மேலாள் தம் பொறுப்பில் முடிவெடுத்தார், முதலாளி நம்பினார். இன்று கடல் வற்றிவிட்டது. வைபரில் ஒரு நொடியில் கேள்வி வருகிறது. பார்த்தாயிற்று என்ற அடையாளமும் கேட்டவருக்குத் தெரிந்துவிடுகிறது. விடை சொல்லாமலிருப்பது குற்றம் போல் உறுத்துகிறது.

அவர்களுடைய வாழ்வை நாம் பொற்காலமாகக் காட்டவில்லை. மூன்று ஆண்டு மனைவியைக் காணாதவனும், பிறந்த பிள்ளையை நடக்கத் தொடங்கிய பின்னரே பார்த்தவனும் பட்ட துன்பம் சிறிதன்று. வீட்டைப் பிரிந்து அவர்கள் கொடுத்த விலையை, வீட்டிலிருந்தபடியே நாமும் கொடுக்கலாகாது என்பதற்காகவே அவர்களை நினைவூட்டினோம்.

விளக்கும் மின்சாரமும்

வீட்டையே தொழிற்கூடமாகக் கொண்டவர் தமிழ்நாட்டில் நெசவாளர். காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி இருக்கும். குடும்பமே அதைச் சுற்றி வேலை செய்யும். அவர்களுடைய வேலைக்கு வெளிச்சம் எல்லையிட்டது. பொழுது சாய்ந்தால் இழை தெரியாது, தறி நிற்கும். பல நெசவூர்களில் அமாவாசையன்று தறியில் இறங்குவதில்லை என்ற வழக்கமும் உண்டு. வானமே விடுமுறை அறிவித்தது எனலாம்.

யாங்கோனில் இன்று நேர்மாறாக நடக்கிறது. மின்சாரம் முறை வைத்து வருகிறது. எந்நேரம் வருகிறதோ அந்நேரமே வேலை நேரமாகிவிடுகிறது. நள்ளிரவு ஒரு மணிக்கு விளக்கு எரிந்தவுடன் வீடு முழுவதும் எழுந்துகொள்கிறது. தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, சலவை நடக்கிறது, பள்ளிச் சீருடை தேய்க்கப்படுகிறது. கூடவே, அனுப்பாமல் விட்ட கோப்பை அனுப்ப மடிக்கணினியும் திறக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல வாரங்கள் இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது மணி வரை இணையம் துண்டிக்கப்பட்டிருந்ததை நாம் மறக்கவில்லை. அதன் பின் “இணைப்பு இருக்கும்போதே முடித்துவிடு” என்ற பதற்றம் நம் உடலில் ஊறிவிட்டது. மேலைநாட்டு நூல்கள் “மாலை ஆறு மணிக்குக் கணினியை மூடுக” என்று எளிதாக எழுதிவிடுகின்றன. ஆறு மணிக்கு மின்சாரமே இல்லாதவன் எதை மூடுவான்?

எனவே நம்மூருக்கு ஏற்ற முறையை நாமே வகுக்க வேண்டும். நள்ளிரவு மின்சாரத்தை இயந்திரங்களுக்கு விட்டுவிடலாம். மின்கலமும் கைபேசியும் அப்போது ஏறட்டும். ஆள் எழ வேண்டியதில்லை. முந்தைய மாலையே கம்பிகளைச் செருகி வைத்துவிட்டுப் படுத்தால் போதும். தம் பகுதியின் மின் நேரத்தை வெளிநாட்டு மேலதிகாரிக்கு முன்கூட்டியே எழுதி அறிவித்துவிடுவது நன்று. இதைச் சொல்ல வெட்கப்படுவோர் நம்மிடையே பலர். சொல்லாமல் விடுவதால், மின்சாரம் இல்லாமையை மேலதிகாரி சோம்பல் என்று எண்ணிக்கொள்கிறார். பெரியோருக்கு ஏழு மணி நேர உறக்கமேனும் வேண்டுமென்பது மருத்துவர் கருத்து. துண்டு துண்டாக உறங்கி அதைக் கூட்டிக் கணக்குக் காட்டினால் உடல் ஏற்றுக்கொள்வதில்லை.

அடுத்து நேர வேறுபாடு. யாங்கோன் நேரம் சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி பிந்தியது. துபாய்க்கு இரண்டரை மணி முந்தியது. சிங்கப்பூர் அலுவலகம் ஒன்பது முதல் ஆறு வரை என்றால் நமக்கு அது காலை 7.30 முதல் மாலை 4.30 வரை. துபாய் அலுவலகம் அவ்வாறே என்றால் முற்பகல் 11.30 முதல் இரவு 8.30 வரை. கேட்பதற்கு இரண்டும் பொறுக்கக்கூடியவையே. துன்பம் எங்கே வருகிறதென்றால், இரண்டு நேரங்களையும் ஒருவரே சுமக்கும்போதுதான். சிங்கப்பூருக்கு வேலை செய்பவர் 4.30க்கு எழாமல், யாங்கோன் அலுவலகங்கள் மூடும் வரை, பிறகு மனம் ஆறும் வரை, உட்கார்ந்தே இருக்கிறார். துபாய்க்கு வேலை செய்பவரோ, ஊரோடு ஒத்துக் காலை எட்டு மணிக்கே கணினியைத் திறந்துவிடுகிறார். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே வேலை நேரத்தை யாங்கோன் மணிக்கணக்கில் எழுதி வாங்கிக்கொள்வது பின்னர் எழும் பல பூசல்களைத் தவிர்க்கும்.

இவ்வாறு நேரம் நீள்வது நம் இல்லங்களில் மட்டும் நிகழ்வதன்று. 2020ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், 16 பெருநகரங்களைச் சேர்ந்த 31 இலட்சம் பணியாளரின் மின்னஞ்சல், கூட்ட விவரங்களைத் தொகுத்துப் பார்த்தனர். ஊரடங்குக் காலத்தில் அவர்களுடைய வேலைநாள் சராசரியாக 48.5 நிமிடம் நீண்டிருந்தது. நாளொன்றுக்கு முக்கால் மணி என்றால் வாரத்திற்கு ஏறத்தாழ அரை நாள்! உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கவலை தருவது. வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும், பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று அது கூறுகிறது.

சட்டம் நமக்குத் துணை நிற்குமா? மியன்மாவின் 2016ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்றும், வாரம் ஒரு நாள் ஓய்வு என்றும் வரையறுக்கிறது. பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும், வேலை நேரத்திற்குப் பின் அலுவலகச் செய்திகளைப் பொருட்படுத்தாதிருக்கும் உரிமையைச் சட்டமே ஏற்றுள்ளது. ஆயினும் யாங்கோனில் உட்கார்ந்து அயல்நாட்டு முதலாளிக்கு உழைப்பவரை இச்சட்டங்கள் எட்டிப் பிடிப்பது அரிது. அவர் தம் வரப்பைத் தாமே வெட்டிக்கொள்ள வேண்டியவராக இருக்கிறார்.

“வீட்டில்தானே இருக்கிறாய்?”

வேலை வீட்டுக்குள் புகுவதைப் பற்றியே பேசினோம். வீடு வேலைக்குள் புகுவதும் உண்டு. அதில் மிகுதியாக அல்லல்படுவோர் பெண்கள். அலுவலகம் சென்று வந்த காலத்தில், அப்பெண் மாலை ஆறு மணி வரை வீட்டில் இல்லை என்பதை மாமியாரும் உறவினரும் ஏற்றுக்கொண்டிருந்தனர். இன்று, “வீட்டில்தானே இருக்கிறாய், அரிசியை வடித்துவிடு”, “வீட்டில்தானே இருக்கிறாய், கீழே கயிற்றை இறக்கிக் காய்கறியை வாங்கிவிடு”, “வீட்டில்தானே இருக்கிறாய், பெரியம்மா வருகிறார், பேசிக்கொண்டிரு” என்று சொல்கின்றனர். ஒருவரும் கொடுமையாகச் சொல்வதில்லை, அன்பாகவே சொல்கின்றனர். அன்பாகச் சொல்வதால் மறுப்பது இன்னும் கடினம். பகலில் இவ்வாறு சிதறிய அலுவலக வேலையை அப்பெண் இரவு பத்து மணிக்கு மேல், எல்லோரும் உறங்கிய பின் செய்கிறாள். அவளுடைய சம்பளத்தை மட்டும் குடும்பம் அலுவலகச் சம்பளமாக எண்ணுகிறது. அவளுடைய நேரத்தை அவ்வாறு எண்ணுவதில்லை.

இதற்கு மருந்து அப்பெண் ஒருத்தியிடம் இல்லை. அவளுடைய வேலை நேரத்தைக் கணவர் தம் வாயால், தம் தாய் தந்தையர் முன்னிலையில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். மருமகள் சொன்னால் அது எதிர்வாதமாகப்படும். மகன் சொன்னால் செய்தியாகப்படும். நம் குடும்பங்களின் நடைமுறை அதுவே என்பதை ஒப்புக்கொண்டு செயற்படுவது நல்லது.

தனிமை மற்றொரு துன்பம். கிட்டங்கியில் ஒருவர் முகம் வாடியிருந்தால் பக்கத்துப் பாயில் இருந்தவர் கேட்டிருப்பார். பந்தியில் ஒருவர் சோறு குறைத்து உண்டால் பரிமாறுபவர் கவனித்திருப்பார். இன்று திரையில் தோன்றும் முகங்கள் கூட்டம் முடிந்ததும் மறைந்துவிடுகின்றன. நடுப்பகலில் தெருமுனை டீக்கடை வரை நடந்து சென்று, அறிந்தவர் ஒருவரோடு கால் மணி நேரம் பேசி வருவது வீண் பொழுதன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டு நூலில், ஓயாத பணி அழுத்தத்தால் வரும் உளச்சோர்வை நோயாக அன்று, பணி சார்ந்த நிலையாக விளக்கியது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது வெறுப்பும் விலகலும், எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவை தோன்றும்போதே ஓய்வு எடுத்தால் மீளலாம். ஆனால் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, உயிர்மேல் சலிப்பு ஆகியன இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மருத்துவரிடம் செல்ல வேண்டிய காலம். தற்கொலை எண்ணம் எழுந்தாலோ ஒரு நாளும் காத்திருத்தலாகாது. அவரைத் தனியே விடவும் கூடாது. மனநல மருத்துவர் என்றதும் பைத்தியம் என்று பேசும் வழக்கம் நம் சமூகத்தில் இன்னும் உள்ளது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவரை நாம் அவ்வாறு பேசுவதில்லை.

பூட்டுவதற்கு ஒரு பெட்டி

முகல் தெருவின் மேலாளிடமிருந்து நாம் கடன் வாங்கத்தக்கது அவருடைய பெட்டிப் பூட்டு. தனி அறை கட்ட நம் அடுக்ககங்களில் இடமில்லை. பன்னிரண்டரை அடி அகலத்தில் எத்தனைச் சுவர் எழுப்ப முடியும்? ஆனால் வேலை முடிந்தது என்பதை வீட்டார் அனைவரும் கண்ணால் காணும் ஒரு செயலைச் செய்ய இடம் தேவையில்லை. வீட்டிலே தையல் வேலை செய்யும் பெண்கள், வேலை முடிந்ததும் தையல் இயந்திரத்தின்மேல் துணி போர்த்துவதைக் கண்டிருக்கிறோம். அவ்வாறே மடிக்கணினியை மூடி, கம்பிகளைச் சுருட்டி, அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தலாம். முகம் கழுவி, உடை மாற்றி, விளக்கேற்றலாம். அலுவலகச் செய்திகளுக்குத் தனி எண் வைத்துக்கொள்ள இயன்றவர், அக்கைபேசியையும் அதே அலமாரியில் வைத்துவிடலாம். மூன்று வயதுக் குழந்தைக்குக் கூட, அலமாரி சாத்தப்பட்டால் அப்பா தனக்குரியவர் என்பது விளங்கும்.

இதில் நம் பள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு. யாங்கோனில் பிறந்து வளரும் நம் பிள்ளைக்கு நாள் முழுவதும் தெருவிலும் பள்ளியிலும் பர்மிய மொழி. கைபேசியில் ஆங்கிலமும் கொரிய மொழியும். தமிழ் அதன் செவியில் விழுவது பெரும்பாலும் வீட்டில், மாலை வேளையில், பெற்றோர் பேச்சில். வார இறுதியில் இரண்டு மணி நேரம் நாம் கற்பிக்கும் எழுத்துக்கு உயிர் கொடுப்பது அப்பேச்சே. அம்மாலை வேளையைத் திரை விழுங்கிவிட்டால், எத்தனை அழகிய பாடநூல் அச்சிட்டாலும் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்குமேயன்றிப் பேசாது. “வாப்பா, இன்று என்ன நடந்தது?” என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் பிள்ளைக்குத் தமிழில் கதை சொல்லத் தேவை எழுவதில்லை.

ஆகவே ஆசிரியர்கள், எழுதும் வீட்டுப்பாடத்திற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை பேசும் வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்க்கலாம். தாத்தா எவ்வாறு வேலைக்குச் சென்றார், எந்தத் தெருவில், நடந்தா பேருந்திலா, மதியம் எங்கே உண்டார், மாலையில் வரும்போது என்ன வாங்கி வந்தார் என்று பிள்ளை தந்தையிடமோ தாயிடமோ கேட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் போதும். சிங்கப்பூருக்கு வேலை செய்யும் பெற்றோர் அதை மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம். துபாய்க்கு வேலை செய்வோர், விடுமுறை நாளாயின், காலையில் இட்லி வேகும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். அலமாரி மட்டும் சாத்தியிருக்க வேண்டும்.